தாய் வகுப்புச் சுட்டி

ஜூன் 9

சுட்டி,

இங்கு நான் நலம். நீயும் வயிற்றில் இருப்பதும் எப்படி இருக்கிறீர்கள்? கால் வீக்கம் இறங்கியதா? படுக்கும்போது தலையணையைக் காலுக்கடியில் வைத்துக்கொள். தலைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போன் போட்டால் உனக்கு அழுகை வருகிறது, எனக்குக் கோபம் வருகிறது. யாராவது ஒருத்தி பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறினது போல் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. தட்டை வைத்தால் தட்டு கத்துகிறது. அவர் சட்டைகள் கொக்கியில் அப்படியே தொங்குகின்றன. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறவள் வீட்டில் துவைக்காத சட்டைகள். துவைத்தால் போய்விடும், தெரியும். அதனால் தொடவில்லை.

நேற்று நீ தங்கியிருந்த அறையைப் பெருக்கினேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாள் விழுந்து கிடந்தது. அச்சடித்த தாள். தூக்கிப் போடத்தான் எடுத்தேன். மேலே உன் பெயர் இருந்தது. நான் வைத்த பெயர். சும்மா இருப்பேனா? எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் இருந்தது இது. அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை.

"சுட்டி மாற்றம்: தாயிலிருந்து சேய்க்கு. சுட்டி தாய் வகுப்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அது காட்டுவது உண்மையில் எது என்பது வெளியே தெரியாது. கேட்காமல், வலுக்கட்டாயமாகச் சேய் என்று எடுத்துக்கொண்டால் நிரல் நொறுங்கும். முதலில் கேட்கவும். அது இல்லையென்றால் வெறுமை கிடைக்கும்."

சுட்டி, இதை யாருக்கு எழுதினாய்? தாய் வகுப்பு என்று பார்த்ததும், நான் நாலாம் வகுப்போடு நின்றதைக் குத்திக் காட்டுகிறாயோ என்று முதலில் நினைத்தேன். பிறகு மறுபடி படித்தேன். கேட்காமல், வலுக்கட்டாயமாக, உன்னை என் பிள்ளை என்று எடுத்துக்கொண்டேன். அதுதானே? விரல் நொறுங்கும் என்பதை நிரல் என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள் போல. யார் விரல் நொறுங்க வேண்டும் என்கிறாய்? என்னுடையதா?

ஆஸ்பத்திரியில் ஆட்களை உள்ளே விடுகிற அந்த மேஜைக்காரர் என்னைக் காட்டி "இவங்க யாரு?" என்று கேட்டதற்கு, "அப்பாவோட மனைவி" என்றாய். உன் அப்பா கண்ணாடியையும் போர்வையையும் பையில் வைத்துக்கொண்டு உன் பக்கத்தில்தான் நின்றேன். யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொன்னது போல் இருந்தது. அதை இத்தனை நாள் முழுங்கிக்கொண்டேன். இப்போது இந்தத் தாளும் சேர்ந்துகொண்டது.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உன் பிரசவத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவதாக இருந்தது. அவர் உன்னைப் பெற்றவர். அவர் வர யாரையும் கேட்க வேண்டாம். அவர் பெட்டியோடு பெட்டியாக நானும் வந்து இறங்கியிருப்பேன். இப்போது எதோடு ஒட்டிக்கொண்டு வருவது? நான் வரட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தை எழுது, போதும்.

சித்தி


ஜூன் 17

சித்திக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. பக்கத்து மேஜைப் பெண் வலி எடுத்துவிட்டது என்று பயந்து, தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து, பாதியை என் மடியில் கொட்டினாள்.

அது பாடம், சித்தி. தமிழில் கணினி வேலை கற்றுக்கொள்கிறவர்களுக்காக நான் எழுதும் பாடம். அப்பாவுக்கு முடியாமல் இருந்தபோது அந்த அறையில் உட்கார்ந்துதான் எழுதினேன். கணினி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறோமே, அதற்கு நிரல் என்று பெயர். விரல் இல்லை. யார் விரலுக்கும் ஒன்றும் ஆகாது.

அந்தச் சுட்டியும் நான் இல்லை. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு எங்கள் வேலையில் சுட்டி என்று பெயர். காட்டும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு என்றால் பள்ளிக்கூட வகுப்பு இல்லை, வகை. பொதுவான வகை தாய் வகுப்பு. அதிலிருந்து பிறந்தது சேய் வகுப்பு.

உங்கள் சலவைக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். துணி என்பது தாய் வகுப்பு. கம்பளிக் கோட்டு சேய் வகுப்பு. கோட்டைத் துணி என்று சொன்னால் பொய் இல்லை. எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம், யாரையும் கேட்க வேண்டாம். சேயைத் தாய் என்று சொல்வதில் ஆபத்தே கிடையாது. ஆனால் "துணி" என்று சீட்டுக் கட்டிய மூட்டையைக் காட்டி, பிரித்தே பார்க்காமல் "இது கம்பளிக் கோட்டுதான்" என்று அடித்துச் சொல்ல முடியுமா? உள்ளே படுக்கை விரிப்பு இருந்தால்? அதனால் முதலில் கேட்க வேண்டும். கோட்டு என்றால் கை கோட்டைக் காட்டும். இல்லையென்றால் எதையும் காட்டாது. அதைத்தான் வெறுமை என்று எழுதினேன். உங்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

பிரசவம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு வேலை முடிந்து வரவே இருட்டிவிடுகிறது. ஒருத்தர் துணைக்கு இருந்தால் நல்லதுதான். உங்கள் வசதியைப் பாருங்கள்.

சுட்டி


ஜூன் 26

சுட்டி,

வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. ஒருத்தர் என்று எழுதியிருக்கிறாய். வேலைக்கு ஆள் கேட்டு வாசலில் எழுதி ஒட்டுவார்களே, அதில்தான் இந்த வார்த்தை வரும். அப்புறம், எந்தத் தேதியிலிருந்து நான் உனக்கு "நீங்கள்" ஆனேன்? கோபம் வந்தால் "போ சித்தி, உன் பேச்சு கா" என்று கத்துகிற பிள்ளை நீ. மரியாதை கொடுத்துத் தூரத்தில் உட்கார வைக்கிறாய்.

பாடம் என்றாய். நம்பத்தான் பார்க்கிறேன். உன் கடிதம் வருவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இஸ்திரி அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நீதிபதி மாதிரி படித்தார்.

"இது சொத்து விவகாரம்மா. தாய்ங்கிறாங்க, சேய்ங்கிறாங்க, மாற்றம்ங்கிறாங்க. எங்க கேட்டாலும் கையெழுத்து மட்டும் போட்டுராத."

கடைக்காரம்மா பிடுங்கிப் பார்த்தார். "உங்களுக்கு எப்பவும் சொத்துதான். தாய், சேய்னா பிரசவம். டாக்டர் கொடுத்த சீட்டு இது. தாயும் சேயும் நலமான்னு பாருங்க, அது எங்கயாவது போட்டிருக்கா?"

"நொறுங்கும்னு போட்டிருக்கு."

"கால்சியம் கம்மியா இருக்கும்."

சிரிக்காதே. தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

உன் கோட்டு விஷயம் புரிந்த மாதிரி இருந்தது. எங்களுக்கு மூட்டை வரும்போது சீட்டில் துணி என்றுதான் இருக்கும். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காலரைப் புரட்டிப் பார்ப்பேன். உள்ளே சின்ன லேபிள் தைத்திருக்கும். வெந்நீரா, பச்சைத் தண்ணீரா, பிழியலாமா கூடாதா, எல்லாம் அந்தத் துணியே சொல்லிவிடும். சொல்வதைக் கேட்டால் சுருங்காது. அதுவரை சரி. ஆனால் மனுஷிக்கு எங்கே தைத்திருக்கிறது? நான் உனக்கு யார் என்று எந்தக் காலரைப் புரட்டிப் பார்ப்பது? அந்த இடத்தில் எனக்கு மறுபடி எல்லாம் குழம்பிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருத்தர் என்ற வார்த்தையே இப்போது எனக்கு ஆகவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் அப்பா அறை வாசலில் அந்த நர்ஸ் அதைத்தான் சொன்னாள். "ஒருத்தர்தாம்மா உள்ள போகலாம்." உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். நான் உன்னைப் போ என்றேன். நீ என்னைப் போங்க என்றாய். நீ போ, நீங்க போங்க, நீ போ. பேருந்தில் ஒரு இருக்கைக்கு உபசாரம் பண்ணுகிற மாதிரி நின்றோம். அப்புறம் யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

சித்தி


ஜூலை 5

சித்திக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அந்த மேஜைக்காரர் உங்களைப் பார்ப்பதற்கு முன் என்னிடம் ஒன்று சொன்னார். உங்களுக்கு அது கேட்டிருக்காது, நீங்கள் பையில் அப்பாவின் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். "மனைவி, பிள்ளை, அவ்வளவுதான். மத்த சொந்தமெல்லாம் வெளி பெஞ்சு." நான் "சித்தி" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மாவுக்குத் தங்கையும் சித்தி, சித்தப்பா மனைவியும் சித்தி. அவர் அப்படி ஏதோ ஒரு சித்தி என்று எடுத்துக்கொண்டு உங்களை வெளியே உட்கார வைத்திருப்பார். என் சித்தி எப்படிப்பட்ட சித்தி என்று அங்கே நின்று கதை சொல்ல நேரம் இல்லை. அந்தக் கதவு எந்த வார்த்தைக்குத் திறக்குமோ அந்த வார்த்தையைச் சொன்னேன். "அப்பாவோட மனைவி" என்று காட்டினாலும் "சித்தி" என்று காட்டினாலும் கை காட்டுகிற இடம் ஒன்றுதான். அங்கே நிற்பது நீங்கள்தான். சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் கோட்டு மாறிவிடுமா?

ஆனால் நீங்கள் சொன்னதை எதில் சேர்ப்பது? அந்த மேஜையைத் தாண்டி உள்ளே போனதும் அந்த நர்ஸ் என் வயிற்றைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்டாள். "உங்க பொண்ணா?" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவரோட பொண்ணு." அங்கே திறக்க வேண்டிய கதவு எதுவும் இல்லையே, சித்தி. நாம் உள்ளே வந்துவிட்டோம். உங்களை அந்த வார்த்தை சொல்ல வைத்தது யார்?

வாசலில் நின்றது பற்றி. அப்பா கூப்பிட்டது உங்களை. "சித்தி" என்றார். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் உங்களை அப்படித்தானே கூப்பிடுவார். எனக்கு நன்றாகக் கேட்டது. அதனால்தான் வழிவிட்டேன். உபசாரம் இல்லை. நீங்கள் என்னைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தீர்கள்.

இன்றைக்குப் பரிசோதனைக்குப் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். உதைக்கிறது. அப்பா கேட்டிருந்தால் "யாரைப் போல" என்று கிண்டல் பண்ணியிருப்பார்.

சுட்டி


ஜூலை 14

சுட்டி,

அவரோட பொண்ணு என்று சொன்னேனா? ஞாபகம் இல்லை. நீ சொன்னால் சொல்லியிருப்பேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லி வருகிறேன் என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் தெரிகிறது. ஏன் என்று நீ கேட்கிறாய். பயம். நான் "ஆமா, என் பொண்ணு" என்று சொல்லி, நீ பக்கத்தில் நின்று "இல்ல" என்று திருத்திவிட்டால்?

ஒரு தடவை திருத்தினாய். நீ மறந்திருப்பாய். பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். இரட்டைச் சடை, புது ரிப்பன், ஒரு சடையை நீ வழியிலேயே அவிழ்த்துவிட்டாய். டீச்சர் குனிந்து "அம்மாவா வந்திருக்காங்க?" என்று உன்னைக் கேட்டார். நீ அந்த ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அம்மா இல்ல, சித்தி!" என்று கத்தினாய். உன் பாடத்தில் இருக்கிறதே வெறுமை, அது எனக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. குழந்தை உள்ளதைச் சொன்னது.

மேஜைக்காரர் விஷயம் எனக்குத் தெரியாது. நீ அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இல்லை, நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் எடுத்துக்கொண்டால் நொறுங்கும் என்று நீ எழுதியிருந்தாயே, அது எந்தப் பக்கம் கேட்காமல் போனாலும் நொறுங்கும் போல.

ஆனால் ஒன்றை நான் விட மாட்டேன். அவர் கூப்பிட்டது உன்னை. "சுட்டி" என்றார். நானும் வாசலில்தான் நின்றேன், எனக்கும் காது இருக்கிறது. வாய் கோணிப் போயிருந்தது, எழுத்து சரியாக விழவில்லை, அது உண்மை. ஆனாலும் சுட்டிதான். பெற்ற பிள்ளை வயிற்றுப்பிள்ளையோடு வந்து நிற்கும்போது வேறு யாரைக் கூப்பிடுவார்?

இந்த இரண்டு பெயரும் காதில் ஒன்று போல விழுந்து எப்போதும் தொல்லைதான். அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஒரு குரல் கொடுப்பார். மாடியிலிருந்து நீ ஓடி வருவாய், அடுப்படியிலிருந்து நான் வருவேன். "யாரைக் கூப்பிட்டீங்க?" என்றால் சிரிப்பார். "யாரு முதல்ல வந்தாங்களோ அவங்களைத்தான்." அநேகமாக நீதான் ஜெயிப்பாய். படிக்கட்டில் சறுக்கிக்கொண்டு வருவாய், கள்ளி.

சரி. உன் பாடத்தின்படியே செய்கிறேன். நேராகக் கேட்கிறேன். நான் உனக்கு அம்மாவா? இல்லை என்றால் இல்லை என்று எழுது. நொறுங்க மாட்டேன். துணைக்கு ஒருத்தராக வந்து, குழந்தைக்குத் துவைத்துப் போட்டுவிட்டு, போய்விடுவேன். எதற்கு வருகிறேன் என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். அவ்வளவுதான்.

சித்தி


ஜூலை 21

சித்தி,

மறக்கவில்லை. ஒரு சடை அவிழ்ந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

அந்த ஹாலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா வந்திருந்தார்கள். வெறும் அம்மா. எனக்கு மட்டும்தான் சித்தி வந்திருந்தாள். பெருமை தாங்காமல் கத்தினேன். நீ இத்தனை வருஷம் அதை வைத்துக்கொண்டு அழுதாயா? அன்றைக்கே என் முதுகில் ஒன்று போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

நீ தாளைத் தலைகீழாகப் படித்திருக்கிறாய். அம்மா பெரிது, சித்தி அதற்கு ஒரு படி கீழே என்று நினைக்கிறாய். எங்கள் கணக்கில் அப்படி இல்லை. அம்மா தாய் வகுப்பு. சித்தி அதிலிருந்து பிறந்த சேய் வகுப்பு. சேய் வகுப்பில் தாயிடம் இருப்பது எல்லாம் இருக்கும், ஒன்றுகூடக் குறையாது. அதற்கு மேலும் சிலது இருக்கும். ஊட்டிவிடுவது, திட்டுவது, காய்ச்சலில் கூடவே உட்காருவது எல்லாம் அம்மாவிடம் இருக்கிறது. பெறாத பிள்ளை கடிக்க வரும் என்று தெரிந்தே வீட்டுக்குள் வருவது அம்மாவிடம் இல்லை. அது சித்தியிடம்தான் இருக்கிறது. உன்னை நான் கடித்தேன், தழும்பு இன்னும் உன் மணிக்கட்டில் இருக்கும், பார்த்துக்கொள்.

உன்னை அம்மா என்று எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். கேட்கவே வேண்டாம், ஆபத்தே இல்லை. ஆனால் அப்படிக் காட்டினால் அம்மா மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மிச்சம் உள்ளேயே இருக்கும், கூப்பிட வழி இருக்காது. அதனால்தான் நான் மாற்றவில்லை. என்னைப் பெற்றவள் எனக்குச் சுவரில் மாட்டிய படம். குரல் ஞாபகம் இல்லை. குரல் என்றால் எனக்கு நீதான்.

போதுமா? இதை என் பாடத்திலும் போட்டுவிட்டேன், கம்பளிக் கோட்டு உதாரணத்தை எடுத்துவிட்டு. உடனே ஒரு மாணவி எழுதிக் கேட்டாள்: "அப்போ பெரியம்மா எந்த வகுப்பு?" எனக்கே பதில் தெரியவில்லை. மூன்று நாளாக யோசிக்கிறேன்.

ஒருத்தர் வேண்டாம். நீ வா. உடனே வா. உன் மாப்பிள்ளை துவைக்கிற லட்சணத்தில் என் வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது.

அப்பா கூப்பிட்டது உன்னைத்தான். அதை நானும் விட மாட்டேன்.

சுட்டி


ஜூலை 28

சுட்டி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. நீராவிக்குப் பக்கத்தில் நின்றதால் முகம் நனைந்தது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன். இஸ்திரி அண்ணன் கேட்டார்.

"என்னம்மா, கேஸ் தோத்துருச்சா?"

"ஜெயிச்சிருச்சு போலதான் இருக்கு. நான் தாயா சேயான்னு மட்டும் தெரியல."

"தெரியாம எப்படி ஜெயிச்சீங்க?"

நிஜமாகவே தெரியவில்லை. அம்மா தாய் என்கிறாய், சித்தி சேய் என்கிறாய். அப்படியென்றால் நீ யார்? நான் சேய் என்றால் நீ எனக்கு என்ன வேண்டும்? படிக்கும்போது புரிகிறது, தாளை மடித்தால் போய்விடுகிறது. வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன். மணிக்கட்டில் தழும்பைப் பார்த்தேன். இருக்கிறது. பல் வரிசை கோணல், அப்போதே.

வெள்ளிக்கிழமை வண்டி ஏறுகிறேன். மாப்பிள்ளையை நிலையத்துக்கு வரச் சொல். கடைக்காரம்மா லீவு கொடுத்துவிட்டார். "தாயும் சேயும் நலம்னு தகவல் அனுப்பு" என்றார், இன்னும் அந்தத் தாளை டாக்டர் சீட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் அப்பா சட்டைகளில் ஒன்றை மட்டும் எடுத்தேன். நீலக் கோடு போட்டது, கழுத்தெல்லாம் நைந்து மெத்தென்று இருக்குமே, அது. காலரைப் புரட்டினேன். லேபிள் வெளுத்து ஒரு எழுத்துகூட இல்லை. என் இஷ்டத்துக்குப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மடித்து வைத்திருக்கிறேன். குழந்தையைச் சுற்ற ஆகும். மற்றச் சட்டைகளைத் தொடவில்லை. அது என்னால் இன்னும் ஆகவில்லை.

இனிமேல் எந்த வாசலிலும் நீ போ, நீங்க போங்க என்று நிற்கக் கூடாது. ஒருத்தர்தான் என்று யார் சொன்னாலும் சரி, இரண்டு பேரும் இடித்துக்கொண்டு உள்ளே போவோம். திட்டினால் திட்டட்டும்.

நீ சித்தி என்கிறாய், நான் சுட்டி என்கிறேன். இதில் சண்டை வேண்டாம் என்றுதான் நேற்று படுத்தேன். படுத்த பிறகு அவர் சிரித்துக்கொண்டே சொல்வது காதில் விழுந்தது. யாரு முதல்ல வந்தாங்களோ அவங்களைத்தான். வாழ்நாள் பூராவும் அந்த ஒரே பதிலைத்தான் சொன்னார். அன்றைக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் அன்றைக்கு நாம் இரண்டு பேருமே போகவில்லையே, சுட்டி. அப்படியென்றால் அவர் யாரைக் கூப்பிட்டார்?

சித்தி